எட்டு இடத்தில் சுமக்க வேண்டும்

வண்ணார்பேட்டையில் லேத் பட்டறைக்கு மேல்
மீரானின் வாடகை அறை.
தீயணைப்பு நிலைய ஏலத்தில் எடுத்த மிதவையை
சனிக்கிழமை ராத்திரி ஊதி வைத்தோம்,
ஒட்டுப் போட்ட இடம்
விடிய விடியத் தாங்குகிறதா என்று பார்க்க.
கால்பம்பை மிதித்து மிதித்து
இசக்கிராஜுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
ஆரஞ்சு நிறத்தில் அது எழுந்து
கட்டிலை ஓரம் தள்ளியது, காலண்டரைத் தொட்டது.
உட்கார வேறு இடமில்லாமல்
அவன், அவன் மனைவி பேராச்சி, மீரான், நான்
நாலு பேரும் அதற்குள்ளேயே ஏறிக்கொண்டோம்.

அங்கே வைத்துத்தான் பயணம் போட்டோம்.

பாபநாசத்துக்கு மேலே ஆறு ஆறாகவே இருக்கிறது,
பாறைக்குப் பாறை தாவி, நுரைத்து,
யாருக்கும் பதில் சொல்லாமல்.
ஆனால் அது புலிகளின் பேரில் பட்டாவான ஊர்.
வனத்துறை அலுவலகத்தில் பேராச்சி
மூன்று தரம் மனுக் கொடுத்தாள்.
மூன்றாம் தரம் எழுத்தர் கேட்டார்:
"யம்மா, திரும்பி வாரதுக்கும் சேத்தா கேக்கிய?"

ஆக, பாபநாசத்துக்குக் கீழிருந்து புன்னைக்காயல் வரை.
ஐந்து பகல், நாலு ராத்திரி.
கடலைத் தொட்டுவிட்டு பஸ் ஏறலாம்.

வரைபடத்தை மடியில் விரித்தேன்.
கோடைமேலழகியான். அடுத்து நதியுண்ணி.
பெயரைப் படித்துவிட்டு யாரும் சிரிக்கவில்லை.
கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி,
அப்புறம் மருதூர், ஸ்ரீவைகுண்டம்.
எட்டு அணைக்கட்டு.
எட்டிலும் இறங்கி
ஐம்பத்திரண்டு கிலோவைத் தலையில் தூக்கி
கால்வாய்க் கரை சுற்றி
மறுபடி தண்ணீரில் போட வேண்டும்.
"இது ஆத்துல போற பயணமா,
ஆத்தச் சொமக்குற பயணமாலே?" என்றான் இசக்கி.

வேகம் வேண்டுமென்றால் மழை வேண்டும்.
மழை வேண்டுமென்றால் ஐப்பசி கடக்க வேண்டும்.
கார்த்திகையில் இந்த ஆறு என்ன செய்யுமென்று
கீழே பட்டறைச் சுவருக்குத் தெரியும்.
லேத்துக்கு மேலே ஒரு முழம்,
வண்டல் போட்ட கோடு இன்னும் இருக்கிறது.
மீரான் அதன்மேல் வெள்ளையடிக்க விடவில்லை.

மதகு திறப்பவரின் நம்பர் பேராச்சியிடம் இருந்தது,
மைனிக்கு அண்ணன் முறை.
ஸ்பீக்கரில் போட்டாள்.
"ஆயிரத்து நானூறு கன அடி விட்டா
மெதக்கப் போதுமாண்ணே?"
கொட்டாவி கேட்டது.
"விடுறது நான் இல்லம்மா. ஆர்டர் வரணும்.
பிசானத்துக்கு எப்பக் கேக்காவளோ அப்ப.
ஒங்க படகு என்ன, நெல்லு நாத்தா?"

எங்கள் காட்டாறு ஒரு சாவிக்குள் இருக்கிறது.
சாவி ஒரு கோப்புக்குள்.

பட்டியல் எழுதினேன்.
அவல், கருப்பட்டி, தார்ப்பாய், நைலான் கயிறு.
பத்தமடைப் பாய் வேண்டாம், நனைந்தால் மனசு கேட்காது.
முக்கூடலில் இசக்கியின் அக்கா வீட்டில் ஒரு ராத்திரி,
பீடி இலைப் பக்கம் ஈரத்துணி காயப்போடக் கூடாது.
லைஃப் ஜாக்கெட் மூன்று இருக்கிறது. இன்னொன்று

"அதுல ஒண்ணு எனக்கு," என்றான் மீரான்.
"நீச்சல் தெரியாது."

ஆற்றுக்கு நூறு அடியில் பிறந்தவன்.
மிதவைக்கு முன்பணம் கட்டியவன்.
அந்தக் கார்த்திகையில் இதே மாதிரி ஒன்றில்தான்
மொட்டை மாடியிலிருந்து அவனை இறக்கிக் கொண்டுபோனார்கள்.
"வழி முச்சூடும் கண்ண மூடிக்கிட்டேன்டே.
எந்தத் தெரு வழியாப் போனேன்னே தெரியாது."

பட்டியலின் தலையில் ஒரு வரி நுழைத்தேன்:
பத்து நாள், குறுக்குத்துறை, காலை ஆறு மணி, மீரான்.

அப்போதுதான் பேராச்சி கதவைப் பார்த்தாள்.
அளந்தோம்.
கதவு இரண்டே முக்கால் அடி, மிதவை ஆறு.
காற்றை இறக்கினால் ஒட்டின் கதை தெரியாது.
இறக்காவிட்டால், கக்கூஸ் வெளியே இருக்கிறது.
ஒன்பதாவது அணைக்கட்டு என்று எழுதிக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு
பட்டறைத் தகரத்தில் மழை விழுந்தது.
மீரான் துடுப்பை எடுத்து
கட்டில் காலில் ஊன்றி ஒரு உந்து உந்தினான்.
சிமெண்டுத் தரையில் மிதவை
ஒரு சாண் நகர்ந்தது.

"பாறை," என்றாள் பேராச்சி.
"எடப்பக்கம்."